டாக்டர் ஆக விரும்பும் பிள்ளைக்கு அமெரிக்க ஹைஸ்கூலில் என்னென்ன பாடங்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். மகள் எட்டாம் கிரேடு படிக்கிறாள், டாக்டர் ஆக வேண்டும் என்கிறாள். ஒன்பதாம் கிரேடுக்கான பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஹைஸ்கூலிலேயே நடக்கும் காலேஜ் தரப் பாடங்களான ஏ.பி. மொத்தம் எத்தனை எடுக்க வேண்டும்? அனாடமியில் சீக்கிரமே சேர்த்துவிடலாமா? கணக்கு அவளுக்குக் கொஞ்சம் கஷ்டம், அதைக் குறைத்துக்கொண்டு அறிவியலைக் கூட்டலாமா? தெரிந்தவர் வீட்டுப் பையன் ஹைஸ்கூலில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில்) கெமிஸ்ட்ரி எடுக்கிறான், இவளையும் அப்படிச் சேர்க்கலாமா?

காலேஜில் ப்ரீ-மெட் மாணவர்களுக்கு, அதாவது பிறகு மருத்துவம் சேர நினைப்பவர்களுக்கு, ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. அதனால் ஹைஸ்கூலில் எடுத்த முடிவுகள் பிறகு எங்கே உதவுகின்றன, எங்கே இடறுகின்றன என்பதை அருகிலிருந்து பார்க்கிறேன். கடைசிக் கேள்விக்கான பதில் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை, தெரிய வரும்போது காலம் கடந்திருக்கிறது. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் உங்கள் மகளின் ஹைஸ்கூல் மதிப்பெண்களைப் பார்ப்பதில்லை. காலேஜ் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண்ணையும் கேட்பதில்லை. நம் ஊரில் பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுத்தோமோ அதை வைத்தே பாதை முடிவாகிவிடும், பயாலஜி இல்லாத குரூப்பில் சேர்ந்தவருக்கு மருத்துவக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். அந்தப் பழக்கத்தில்தான் நாம் இங்கேயும் பதறுகிறோம். இங்கே குரூப் கிடையாது. ஹைஸ்கூல் முடித்து, நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டம் பெற்று, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி, அதன் பிறகுதான் நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு. காலேஜில் எந்த மேஜரும் (முதன்மைப் பாடமும்) எடுக்கலாம். வரலாறு படித்துவிட்டு மருத்துவம் சேர்பவர்களும் இருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரி எதிர்பார்ப்பது சில குறிப்பிட்ட பாடங்களைக் காலேஜில் முடித்திருக்க வேண்டும் என்பதை: பயாலஜி ஓராண்டு, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் ஓராண்டு, ஆங்கிலம், ஓரளவு கணக்கு அல்லது ஸ்டாட்டிஸ்டிக்ஸ். கல்லூரிக்குக் கல்லூரி சிறு வித்தியாசம் இருக்கும்.

அப்படியென்றால் ஹைஸ்கூல் பாடங்களுக்கு என்ன வேலை? முதல் வேலை, நல்ல காலேஜில் இடம் வாங்கித் தருவது. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. மருத்துவம் நினைக்கும் பிள்ளைக்கு இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம்: காலேஜ் முதல் செமஸ்டரில் தடுமாறாமல் நிற்கவைப்பது. ப்ரீ-மெட் என்று சொல்லிக்கொண்டு வரும் பிள்ளைகளில் பலர் பாதை மாறுவது எம்கேட்டில் இல்லை. முதலாண்டு ஜெனரல் கெமிஸ்ட்ரியிலும் இரண்டாமாண்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியிலும்தான். முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கு, வாரத்துக்கு ஓர் அத்தியாயம், செமஸ்டருக்கு மூன்று தேர்வு. அங்கே முதல் தேர்வில் சி வாங்கும் பிள்ளை முட்டாள் இல்லை. ஹைஸ்கூலில் அடித்தளம் சரியாக விழவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த சி கடைசிவரை ஜி.பி.ஏ. என்ற சராசரி மதிப்பெண்ணில் உட்கார்ந்திருக்கும்.

எனவே படிவத்தை நிரப்பும்போது "எது பார்க்க மருத்துவம் மாதிரி இருக்கிறது" என்று தேடாதீர்கள். முதலாண்டு கெமிஸ்ட்ரி அரங்கில் அவளுக்கு எது கைகொடுக்கும் என்று பாருங்கள். நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரே கணக்கில்தான்.

அந்தக் கணக்குப்படி முதலிடம் பயாலஜிக்கு இல்லை. கணிதத்துக்கு.

இது பலரைத் திகைக்க வைக்கும், ஏனென்றால் கணக்கு வராத பிள்ளைகள் டாக்டருக்குப் போகலாம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. டாக்டர்கள் தினமும் கால்குலஸ் போடுவதில்லை என்பது உண்மை. ஆனால் கெமிஸ்ட்ரியில் தோற்கும் பிள்ளைகளின் விடைத்தாளை எடுத்துப் பார்த்தால், கெமிஸ்ட்ரி புரியாமல் தோற்றவர்களைவிட ஆல்ஜிப்ராவில் தடுக்கி விழுந்தவர்களையே அதிகம் பார்க்கிறேன். விகிதம், அலகு மாற்றம், அடுக்குக்குறி, லாகரிதம். இவை நான்கும் கை தானாகப் போடும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். ஹைட்ரஜன் அயனியின் செறிவு 3 × 10⁻⁵, பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) என்ன? ஆல்ஜிப்ரா 2-ஐ ஒழுங்காகப் படித்த பிள்ளை, 10⁻⁵ என்றால் 5, 10⁻⁴ என்றால் 4, ஆக விடை இரண்டுக்கும் நடுவில், 3-இன் லாக் ஏறத்தாழ 0.5, எனவே 4.5 என்று பத்து விநாடியில் சொல்லிவிடும். கால்குலேட்டரில் பொத்தானை அமுக்கியே பழகிய பிள்ளை நின்றுவிடும். எம்கேட்டில் கால்குலேட்டர் கிடையாது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இதே லாகரிதம்தான் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் இரத்த வாயுப் பரிசோதனை அறிக்கையைப் படிக்க வைக்கிறது. இரத்தத்தில் பைகார்பனேட் சாதாரணமாக 24, கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு 1.2. விகிதம் 20. 20-இன் லாக் 1.3. அதோடு இந்தக் கணக்குக்குரிய மாறிலியான 6.1-ஐக் கூட்டினால் 7.4, ஆரோக்கியமான இரத்தத்தின் பி.எச். சர்க்கரை நோய் முற்றி இரத்தத்தில் அமிலம் சேர்ந்து பைகார்பனேட் 12 ஆகக் குறைந்தால் விகிதம் 10, லாக் 1, பி.எச். 7.1. உயிருக்கு ஆபத்தான எண் அது. உடம்பு உடனே மூச்சை வேகமாக்கி, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றி, விகிதத்தை மறுபடி 20 பக்கம் இழுக்கப் பார்க்கும். அந்த நோயாளி ஏன் அப்படி மூச்சு வாங்குகிறார் என்பதற்கான விடை ஆல்ஜிப்ரா 2 வகுப்பில் இருக்கிறது. கணக்கு எதற்கு என்று மகள் கேட்டால் இதைப் போட்டுக் காட்டுங்கள்.

ஆகவே கணக்கைக் குறைக்காதீர்கள். ஆனால் அவசரமும் படுத்தாதீர்கள். எட்டாம் கிரேடில் ஆல்ஜிப்ரா 1 முடித்த பிள்ளை, ஜியாமெட்ரி, ஆல்ஜிப்ரா 2, ப்ரீகால்குலஸ் என்று போய் பன்னிரண்டில் கால்குலஸ் தொடும். ஒன்பதில் ஆல்ஜிப்ரா 1 தொடங்கும் பிள்ளை பன்னிரண்டில் ப்ரீகால்குலஸோடு முடிக்கும். மருத்துவப் பாதைக்கு இரண்டாவதும் போதும். எம்கேட்டில் கால்குலஸ் வருவதே இல்லை. கோடை விடுமுறையில் ஆன்லைனில் ஆறு வாரத்தில் ஜியாமெட்ரியை முடித்துவிட்டு ஒரு வருடம் முந்தப் பார்ப்பவர்கள் நம்மவர்களில் நிறைய. நன்றாக வரும் பிள்ளைக்குப் பரவாயில்லை. உங்கள் மகள் தடுமாறுகிறாள் என்கிறீர்கள். அவளை அவள் வேகத்தில் விட்டு, ஆல்ஜிப்ரா 2-ஐ மட்டும் முழு வருடம், நல்ல ஆசிரியரிடம், ஓட்டை இல்லாமல் முடிக்க வையுங்கள். அந்த ஒரு வகுப்புக்கு ட்யூஷன் வைத்தால் நான் வீண்செலவு என்று சொல்லமாட்டேன்.

கால்குலஸா ஸ்டாட்டிஸ்டிக்ஸா என்ற கேள்வி பதினொன்றிலோ பன்னிரண்டிலோ வரும். இரண்டும் முடிந்தால் நல்லது, கடும் போட்டியுள்ள காலேஜ்களுக்கு விண்ணப்பிக்கும்போது கால்குலஸுக்கு மதிப்பு அதிகம் என்பதும் உண்மை. டாக்டராக வேலை செய்யும்போது எது உதவும் என்று மட்டும் கேட்டால் தயங்காமல் ஏ.பி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்பேன். ஆயிரம் பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது என்று வையுங்கள். பரிசோதனை நோயுள்ளவர்களில் 90 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்கும், நோய் இல்லாதவர்களிலும் 9 சதவீதம் பேருக்குத் தவறாக "பாசிட்டிவ்" காட்டும். ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்துவிட்டது. நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? தொண்ணூறு சதவீதம் என்று சொல்லத் தோன்றும். எண்ணிப் பாருங்கள்: உண்மையான 10 பேரில் 9 பேர், நோயில்லாத 990 பேரில் ஏறத்தாழ 89 பேர், ஆக 98 பாசிட்டிவ். அதில் நோயாளிகள் 9 பேர். வாய்ப்பு பத்து சதவீதம்கூட இல்லை. பயிற்சி பெற்ற மருத்துவர்களே இதில் தவறுகிறார்கள், அந்தத் தவறால் ஒரு குடும்பம் வாரக்கணக்கில் தூங்காமல் தவிக்கிறது. பதினேழு வயதில் இதைக் கற்றுக்கொண்ட பிள்ளை நல்ல டாக்டராக வர ஒரு படி ஏறிவிட்டது.

அடுத்தது கெமிஸ்ட்ரி. பத்தாம் கிரேடில் ஹானர்ஸ் (சாதாரண வகுப்பைவிடக் கடினமான) கெமிஸ்ட்ரி, பதினொன்றிலோ பன்னிரண்டிலோ ஏ.பி. கெமிஸ்ட்ரி. ஒரே ஒரு ஏ.பி. அறிவியல்தான் எடுக்க முடியும் என்றால் இதை எடுக்கச் சொல்வேன், ஏ.பி. பயாலஜியை இல்லை. காலேஜ் முதலாண்டில் கையை உடைப்பது கெமிஸ்ட்ரி என்பதுதான் காரணம். ஸ்டாய்க்கியோமெட்ரி (வினைகளின் அளவுக் கணக்கு), சமநிலை, அமில-கார வினைகள், வெப்ப இயக்கவியல் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு அரங்கில் உட்காரும் பிள்ளைக்கும் முதன்முறையாகப் பார்க்கும் பிள்ளைக்கும் உள்ள தூரம் பெரிது. சாதாரண கெமிஸ்ட்ரியைத் தாண்டாமல் நேரே ஏ.பி.க்குப் போக சில பள்ளிகள் அனுமதிக்கும். வேண்டாம். அந்த முதல் கெமிஸ்ட்ரி வகுப்பும் ஆல்ஜிப்ரா 2-உம் முடித்துவிட்டு வரவேண்டும் என்பதுதான் அந்தப் பாடத்தை நடத்துபவர்களே சொல்வது.

பயாலஜியும் அப்படித்தான். ஒன்பதாம் கிரேடிலேயே ஏ.பி. பயாலஜி எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். செல்லுக்குள் நடப்பதெல்லாம் வேதியியல், எனவே கெமிஸ்ட்ரி தெரியாமல் அதைப் படித்தால் மனப்பாடம்தான் மிஞ்சும். ஒன்பதில் சாதாரண அல்லது ஹானர்ஸ் பயாலஜி, கெமிஸ்ட்ரி முடிந்தபின் ஏ.பி. என்பதே சரியான வரிசை. ஃபிசிக்ஸுக்கு ஏ.பி. ஃபிசிக்ஸ் 1 போதும். அது ஆல்ஜிப்ராவை வைத்து நடத்தப்படுவது, எம்கேட்டில் வரும் ஃபிசிக்ஸும் அதே ரகம். 2024-25 கல்வியாண்டிலிருந்து திரவ இயக்கவியலும் ஃபிசிக்ஸ் 1-க்குள் வந்துவிட்டது, இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ள அது வேண்டும். கால்குலஸ் வைத்து நடக்கும் ஃபிசிக்ஸ் சி, இன்ஜினியரிங் பக்கம் போகிறவர்களுக்கு. அவளுக்கு அதில் ஆசை இருந்தால் எடுக்கட்டும், மருத்துவத்துக்காக என்று எடுக்க வேண்டியதில்லை.

இப்போது நம் வீடுகளில் யாரும் கேட்காத பாடத்துக்கு வருகிறேன்: ஆங்கிலம். நான்கு வருடமும் நல்ல ஆங்கில வகுப்பு, முடிந்தால் பதினொன்றில் ஏ.பி. லாங்குவேஜ், கூடவே நிறையப் படிக்கவைக்கும் வரலாற்று வகுப்பு ஒன்று. காரணம் சொல்கிறேன். எம்கேட் நான்கு பகுதிகள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை மதிப்பெண், மொத்தம் 472 முதல் 528 வரை. மூன்று பகுதிகள் அறிவியல், உளவியல், சமூகவியல் சார்ந்தவை. நான்காவது வெறும் வாசிப்பு. 90 நிமிடம், 9 பத்திகள், 53 கேள்விகள். தத்துவம், கலை, வரலாறு, பொருளாதாரம் என்று எங்கிருந்து வேண்டுமானாலும் பத்தி வரும், முன்னறிவு எதுவும் தேவையில்லை, ஆசிரியர் என்ன வாதம் வைக்கிறார், எங்கே நழுவுகிறார், இந்த வாக்கியத்தை எடுத்துவிட்டால் வாதம் நிற்குமா என்றெல்லாம் கேட்பார்கள்.

அறிவியல் மூன்றிலும் 130 வாங்கிவிட்டு இதில் 123-இல் நிற்கும் நம் பிள்ளைகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன். மூன்று மாத கோச்சிங்கில் அறிவியல் மதிப்பெண் ஏறும். இது ஏறாது. பன்னிரண்டு வயதிலிருந்து இருபது வயது வரை கடினமான எழுத்தைப் பொறுமையாகப் படித்தவர்களுக்குத்தான் இது கைவருகிறது. அறிவியல் வகுப்பு ஒன்றைக் கூட்ட வேண்டும் என்பதற்காக ஹானர்ஸ் ஆங்கிலத்தைச் சாதாரண ஆங்கிலமாக மாற்றுவது பெரிய நஷ்டம். வகுப்பு போக, வீட்டிலும் அவள் என்ன படிக்கிறாள் என்று கவனியுங்கள். கதைப் புத்தகம் படித்தால் நேரம் வீணாகிறது என்று பிடுங்கி வைக்காதீர்கள், தயவுசெய்து.

எழுத்தும் அதே அளவு முக்கியம். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் 5,300 எழுத்துகளுக்குள் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே கட்டுரைகள், அதன்பிறகு நேர்காணல். வாயைத் திறந்து தெளிவாகப் பேசவும் எதிராளி பேசுவதைக் கேட்கவும் தெரியாத பிள்ளை அங்கே திணறும். டிபேட், நாடகம், பள்ளிப் பத்திரிகை என்று எதையாவது அவள் கேட்டால் மறுக்காதீர்கள்.

சைக்காலஜி பற்றி ஒரு வரி. 2015-இல் எம்கேட்டை மாற்றியமைத்தபோது உளவியலும் சமூகவியலும் ஒரு முழுப் பகுதியாக வந்துவிட்டன. ஏ.பி. சைக்காலஜி அதற்கு நல்ல தொடக்கம், மற்ற ஏ.பி.க்களைவிடச் சுமையும் குறைவு. பதினொன்றில் எடுக்கலாம்.

அனாடமி வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவளுக்குப் பிடித்தால் பன்னிரண்டில் எடுக்கட்டும். பல பள்ளிகளில் பயோமெடிக்கல் சயின்ஸ் என்று தொடர் வகுப்புகள் உண்டு, மருத்துவத் துறையில் ஆர்வமுள்ளவர்களுக்கான ஹோசா என்ற மாணவர் அமைப்பும் உண்டு. இவையெல்லாம் ஆர்வத்தைக் கிளறும், மருத்துவம் உண்மையிலேயே பிடிக்கிறதா என்று அவளே கண்டுகொள்ள உதவும், அந்த அளவில் நல்லவை. கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் இடத்தில் இவற்றை வைப்பதுதான் தவறு. எலும்புகளின் பெயர்களை மருத்துவக் கல்லூரி முதலிலிருந்து சொல்லித்தரும். ஆல்ஜிப்ராவைச் சொல்லித்தராது.

மொழி வகுப்புக்கு ஸ்பானிஷ் எடுத்தால் அமெரிக்காவில் எந்த மருத்துவமனையிலும் அது பயன்படும். மூன்று வருடமாவது தொடர வேண்டும். இரண்டு வருடத்தோடு நிறுத்தினால் வாயில் வராது. தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், சில பள்ளி மாவட்டங்கள் தமிழுக்கு உலக மொழி கிரெடிட் தருகின்றன. உங்கள் மாவட்டம் தருகிறதா என்று கவுன்சிலரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். தந்தால் கால அட்டவணையில் ஒரு வகுப்புக்கான இடம் மிச்சமாகும், பாட்டியிடம் பேசுகிற மொழிக்கும் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலில் ஓர் இடம் கிடைக்கும்.

இனி, கம்யூனிட்டி காலேஜ் விஷயம். இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஹைஸ்கூலில் இருக்கும்போதே காலேஜ் வகுப்பு எடுப்பதை ட்யூயல் என்ரோல்மென்ட் என்கிறார்கள். இலவசமாகவோ மலிவாகவோ கிடைக்கும், காலேஜ் கிரெடிட் சேரும், விண்ணப்பத்தில் அழகாக இருக்கும். எல்லாம் சரி. ஆனால் எம்.டி. (இங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது ஆம்காஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு, பிள்ளை வாழ்க்கையில் எடுத்த ஒவ்வொரு காலேஜ் வகுப்பின் டிரான்ஸ்கிரிப்டையும் கேட்கும். பதினைந்து வயதில் எடுத்ததும் அதில் அடக்கம். அந்த கிரேடும் ஜி.பி.ஏ. கணக்கில் ஏறும். கெமிஸ்ட்ரி, பயாலஜி, ஃபிசிக்ஸ், கணக்கு என்றால் அறிவியல் ஜி.பி.ஏ. என்று தனியாகப் போடுகிறார்களே, அதிலும் ஏறும். பிறகு அதே வகுப்பை மறுபடி எடுத்து ஏ வாங்கினாலும் பழையது அழியாது, இரண்டையும் சேர்த்தே கணக்கிடுவார்கள்.

ஹைஸ்கூல் மதிப்பெண்ணை மருத்துவக் கல்லூரி பார்க்காது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு இது ஒரு பின்வாசல். பத்தாம் கிரேடு கோடையில் எட்டு வாரத்தில் ஓடி முடியும் கெமிஸ்ட்ரி வகுப்பில் சேர்ந்து, நடுவில் இந்தியாவுக்கு மூன்று வாரம் போய் வந்து, பி-யோ சி-யோ வாங்கிய பிள்ளைகள் இருபத்தொரு வயதில் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் அது இன்னும் உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொள்கிறார்கள். பெற்றோருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஹைஸ்கூல் கவுன்சிலரின் கவலை காலேஜ் சேர்க்கையோடு முடிந்துவிடுகிறது.

ஏ.பி.யில் இந்த ஆபத்து இல்லை. மே மாதத் தேர்வில் 5-க்கு 2 வாங்கினாலும் அந்த எண் மருத்துவக் கல்லூரி ஜி.பி.ஏ.யில் சேராது. அதனால் கடினமான அறிவியலை ஏ.பி.யாக எடுப்பதே பத்திரம். ட்யூயல் என்ரோல்மென்ட் எடுக்கத்தான் வேண்டும் என்றால், பள்ளியில் ஏ.பி. இல்லாத காரணத்தாலோ வேறு எதனாலோ, ஏ நிச்சயம் வரும் என்ற பாடமாகப் பாருங்கள், முழு செமஸ்டர் வகுப்பாகப் பாருங்கள், நிலைமை சரியில்லை என்றால் டிரான்ஸ்கிரிப்டில் எதுவும் பதியாமல் விலகக் கடைசி நாள் எது என்பதை முதல் வாரமே குறித்து வையுங்கள். சில பள்ளிகளில் சாதாரணமாக நடக்கும் வகுப்புக்கே பின்னணியில் காலேஜ் கிரெடிட் இணைத்திருப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் "இது காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் வருமா" என்று கேளுங்கள்.

ஏ.பி. கிரெடிட் பற்றியும் ஒன்று. ஏ.பி. பயாலஜியில் 5 வாங்கிவிட்டாள், காலேஜில் பயாலஜியைத் தாண்டிவிடலாம், ஒரு செமஸ்டர் பணம் மிச்சம் என்று தோன்றும். ஏ.பி. கிரெடிட்டை மட்டும் வைத்து முன்தேவை முடிந்ததாகப் பல மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை, அல்லது அதே துறையில் மேல்நிலை வகுப்பு எடுத்திருக்க வேண்டும் என்கின்றன. எனவே ஏ.பி. படித்ததன் பலனை அடுத்த வகுப்புக்குத் தாவுவதில் தேட வேண்டாம். காலேஜில் அதே ஜெனரல் கெமிஸ்ட்ரியை மறுபடி எடுத்து, தெரிந்ததையே இன்னும் ஆழமாகப் படித்து, உறுதியாக ஏ வாங்குவதில் எந்த வெட்கமும் இல்லை.

எத்தனை ஏ.பி. என்ற கேள்விக்கு என்னிடம் ஓர் எண் இல்லை. மொத்தம் ஐந்து அல்லது ஆறு, நன்றாகச் செய்தவை, பெரும்பாலான காலேஜ்களுக்குப் போதும். மிகக் கடினமான போட்டிக் காலேஜ்களில் பள்ளியில் கிடைப்பதில் எவ்வளவு எடுத்தாய் என்று பார்ப்பார்கள், ஆகவே பன்னிரண்டு ஏ.பி. உள்ள பள்ளியில் இரண்டு மட்டும் எடுத்தால் கேள்வி வரும். எல்லை எங்கே என்பதற்கு நான் பார்ப்பது தூக்கத்தை. தினமும் ஐந்து மணி நேரம் தூங்கும் பதினாறு வயதுப் பிள்ளை எதையும் ஆழமாகக் கற்பதில்லை. தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் படிப்பு முதலாண்டுக் கெமிஸ்ட்ரியில் உதவாது. ஒரு ஏ.பி.யைக் கைவிட்டு, அந்த நேரத்தில் முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ தன்னார்வலராகப் போனால் அது அவளுக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும். உடம்பு முடியாதவர்களோடு ஒரு மதியம் முழுக்க இருக்க அவளுக்குப் பிடிக்கிறதா? அதற்கான விடை எந்தப் பாடப் பட்டியலிலும் இல்லை.

இதுவரை சொன்னதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஹைஸ்கூலிலிருந்தே மருத்துவ இடத்தோடு சேர்த்து எடுக்கும் பி.எஸ்.-எம்.டி. திட்டங்கள் சில இருக்கின்றன. பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்டாண்டுத் திட்டமும், மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் உள்ள ஆறாண்டுத் திட்டமும் நன்கு தெரிந்தவை. இவற்றுக்கு ஹைஸ்கூல் மதிப்பெண்கள் நேரடியாகக் கணக்கில் வரும், இடங்கள் மிகக் குறைவு. பதினேழு வயதில் இவ்வளவு உறுதியாக முடிவெடுக்கும் பிள்ளைகளும் குறைவு. முயன்று பார்க்கலாம், நான்கு வருடத்தையும் அதற்காகவே வளைக்க வேண்டாம். நர்ஸிங் படிப்பும் அப்படி. முதலாண்டிலேயே நர்ஸிங்கில் சேர்க்கும் காலேஜ்கள் ஹைஸ்கூல் பயாலஜி, கெமிஸ்ட்ரி கிரேடுகளைக் கவனமாகப் பார்க்கும். டாக்டர் என்று தொடங்கி நர்ஸ், பிசிஷியன் அசிஸ்டென்ட், ஃபார்மசிஸ்ட், ஃபிசிக்கல் தெரபிஸ்ட் என்று மனம் மாறினாலும் மேலே சொன்ன பாடங்கள் எதுவும் வீண்போகாது.

ஹெச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் மனைவி, பிள்ளைகளுக்கான விசா) இருக்கும் குடும்பம் என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பல மருத்துவக் கல்லூரிகள், குறிப்பாக மாநில அரசுக் கல்லூரிகள், குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை எடுப்பதில்லை, எடுப்பவற்றிலும் இடம் சொற்பம். பிள்ளைக்கு 21 வயதானால் ஹெச்-4 முடிந்துவிடும், விண்ணப்பிக்கும் வயதும் ஏறத்தாழ அதுதான். இது பாடத் தேர்வை மாற்றாது. ஆனால் பன்னிரண்டாம் கிரேடில் முதன்முறையாகத் தெரிந்து அதிர்வதைவிட, இப்போதே ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் பேசி வைப்பது நல்லது.

இனி உங்கள் கையில் இருக்கும் படிவம். ஒன்பதாம் கிரேடுக்கு: ஹானர்ஸ் பயாலஜி, கிடைக்காவிட்டால் சாதாரணம். கணக்கில் அவள் இப்போது நிற்கும் இடத்துக்கு அடுத்த வகுப்பு, தாண்டல் வேண்டாம். ஹானர்ஸ் ஆங்கிலம். வரலாறு எது கொடுக்கிறார்களோ அது. மொழி ஒன்று. மீதமுள்ள ஓரிடத்தில் அவளுக்கு எது ஆசையோ அது. ஓவியம், இசைக்குழு, எதுவானாலும். இந்த வருடம் ஏ.பி. தேவையில்லை. கவுன்சிலரைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: ஏ.பி. கெமிஸ்ட்ரிக்குப் பள்ளியில் என்ன முன்தேவை, சாதாரண வகுப்பிலிருந்து அடுத்த வருடம் ஹானர்ஸுக்கு மாற முடியுமா, ஆல்ஜிப்ரா 2 யார் நடத்துகிறார். மூன்றாவதற்குக் கவுன்சிலர் நேராகப் பதில் சொல்லத் தயங்கலாம். அந்தப் பள்ளியில் பதினொன்றாம் கிரேடு படிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும்.